எழுவர் ஓய்ந்திருக்க ஒருவன் திணறுவது ஏன்?

முன்னாளில் கணக்கு என்பது மாலையில் பேரேட்டைப் பிரித்துப் பார்ப்பது. இன்றோ நிகழ்ச்சி நடந்த அக்கணமே கணக்கும் நடந்தாக வேண்டும். தேநீர்க் கடையில் யு.பி.ஐ. வழியாகப் பத்து ரூபாய் செலுத்துகிறோம். பணம் சேர்ந்தது என்று கடைக்காரரின் ஒலிப்பெட்டி உடனே அறிவிக்கிறது. 2016இல் தொடங்கிய இம்முறையில், 2023 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடைபெற்றன. அந்த எண்ணை 31 நாள்களின் நொடிகளால் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 3,700க்கு மேல் வரும். இரவென்றும் பகலென்றும் பாராமல் இப்படி ஓடி வந்துகொண்டே இருக்கும் செய்திப் பெருக்கைத் தரவோடை என்று அழைப்போம்.

பெரிய தரவோடையை ஒரே கணிப்பொறியால் சமாளிக்க இயலாது. ஆகவே பல கணிப்பொறிகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நொடிக்கு எத்தனை குறிப்புகள் செய்து முடிக்கப்படுகின்றன என்பதே அம்முறையின் த்ரூபுட். தமிழில் செய்வீதம் என்று சொல்லலாம். எட்டுக் கணிப்பொறிகள் இருந்தால் செய்வீதமும் எட்டு மடங்காக வேண்டுமல்லவா? பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. ஒன்று மூச்சுத் திணறும், ஏழு ஓய்ந்திருக்கும், மொத்த வேலையும் பின்தங்கும். இது ஏன் நேர்கிறது, நோயின் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் சங்கத்து நண்பர்களில் பலர் படிப்பு முடிந்ததும் இத்தகைய வேலைகளுக்கே போகிறார்கள். அவர்களுக்கு இது கைக்கு உதவும் என்று நம்புகிறேன்.

வேலை பங்கிடப்படும் முறை

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். வருகிற குறிப்புகளை வரிசை மாறாமல் வாங்கி வைக்கும் கிடங்கு ஒன்று வேண்டும். பலரும் இதற்குக் காஃப்கா என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இதற்கு எழுத்தாளர் காஃப்காவின் பெயரையே சூட்டினார்கள். கிடங்கிலிருந்து எடுத்துக் கணக்கிட வேறொரு மென்பொருள் வேண்டும். அவற்றுள் ஒன்று ஃபிளிங்க். பெர்லின் நகரத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது அது. ஜெர்மானிய மொழியில் அச்சொல்லுக்குச் சுறுசுறுப்பு என்று பொருள்.

ஃபிளிங்க் ஒரு கணக்கைப் பல பணிக்கூறுகளாகப் பிரித்துக் கணிப்பொறிகளிடம் ஒப்படைக்கிறது. எந்தக் குறிப்பு எந்தப் பணிக்கூறுக்குப் போவது? ஒவ்வொரு குறிப்பிலும் ஓர் அடையாளத்தைத் தேர்ந்துகொள்கிறோம். வங்கியில் அது கணக்கு எண்ணாக இருக்கலாம். மின்வாரியத்தில் மீட்டர் எண்ணாக இருக்கலாம். இவ்வடையாளத்தைக் கீ என்பார்கள். நான் பகுப்புக்குறி என்கிறேன். பகுப்புக்குறியை ஹாஷ் என்னும் கணக்கில் இட்டால் ஓர் எண் கிடைக்கும். அவ்வெண்ணே போக வேண்டிய இடத்தைக் காட்டும். ஒரே பகுப்புக்குறி உடைய குறிப்புகள் யாவும் ஒரே பணிக்கூறிடம்தான் போகும். அப்படிப் போனால்தான் ஒருவருடைய கணக்கு ஓரிடத்தில் ஒழுங்காக நிற்கும்.

இங்கேதான் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஹாஷ் கணக்கு பகுப்புக்குறிகளின் எண்ணிக்கையை ஏறத்தாழச் சமமாகப் பங்கிடும். அவற்றின் எடையைப் பங்கிடுவதில்லை. ஆளுக்கு நூறு மூட்டை என்று பங்கிட்டுவிட்டு, ஒரு மூட்டையில் பஞ்சும் மற்றொன்றில் உப்பும் இருப்பதைப் பாராதது போன்றது இது. உலகத்துப் பொருள்களோ சம எடையில் அமைவதில்லை. சில சொற்களே மீண்டும் மீண்டும் வருகின்றன, பெரும்பாலான சொற்கள் அரிதாகவே வருகின்றன என்பதை ஜிப்ஃப் என்னும் அமெரிக்க அறிஞர் 1949இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகக் காட்டினார். கடைகள், ஊர்கள், சாலைகள் ஆகியவற்றிலும் இதே போக்கைக் காணலாம்.

கடைமடை அடைபட்டால்

ஒரு பணிக்கூறு திணறினால் அதன் துன்பம் அதனோடு நிற்குமா? நில்லாது. வாய்க்கால் பாசனத்தை எண்ணிப் பாருங்கள். கடைமடையில் மண் சேர்ந்து அடைபட்டால், நீர் மேலெழுவது அதற்கு மேற்பட்ட மடையில். மேலே நிற்பவர் தம் மடையில்தான் பழுது என்று எண்ணுவார்.

தரவோடையிலும் அவ்வாறே. பணிக்கூறுகளுக்கிடையே குறிப்புகள் சிறிது நேரம் தங்குவதற்குச் சிறு இடைத்தேக்கங்கள் உண்டு. திணறும் பணிக்கூறின் தேக்கம் நிரம்பியதும், அதற்கு அனுப்பும் முன் பணிக்கூறு நின்றுவிடுகிறது. அதன் கையில் இருக்கும் குறிப்பு அந்த நிரம்பிய தேக்கத்துக்கு உரியது. அதைக் கொடுக்காமல் அடுத்ததை எடுக்க இயலாது. அடுத்தது ஓய்ந்திருக்கும் வேறொரு பணிக்கூறுக்கு உரியதாயினும் காத்திருக்கவே வேண்டும். இதைப் பேக்பிரஷர் என்கிறார்கள். பின்னழுத்தம் என்பது பொருத்தமான தமிழ். இது நோயன்று, வெள்ளம் கரையை உடைக்காமல் காக்கும் ஏற்பாடு. ஆனால் நோயின் இடத்தை மறைத்துவிடுவதும் இதுவே.

ஒரு நேர் அனுபவம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கண்ட ஒரு சிக்கலைச் சொல்கிறேன். கணக்கு எளிதில் விளங்குவதற்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன்.

ஒரு மாநகரத்தின் 2,400 பேருந்துகள் நொடிக்கு ஒருமுறை தாம் இருக்கும் இடத்தை அறிவிக்கின்றன. அக்குறிப்புகளை வாங்கி, எந்த நிறுத்தத்துக்கு எந்தப் பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று கணித்துச் சொல்வதே வேலை. எட்டுப் பணிக்கூறுகள், எட்டுக் கணிப்பொறிகள். ஒரு குறிப்பை வரைபடத்தோடு பொருத்திச் சாலையைக் கண்டறிய 2 மில்லிநொடி ஆகும். ஆகவே ஒரு பணிக்கூறு நொடிக்கு 500 குறிப்புகளை முடிக்கும். எட்டும் சேர்ந்தால் 4,000. வருவதோ 2,400. தாராளமாகப் போதும் என்றே தோன்றும்.

நடந்தது வேறு. செய்வீதம் 1,714க்கு மேல் ஏறவில்லை. நொடிதோறும் 686 குறிப்புகள் கிடங்கில் தேங்கின. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 24,70,000 குறிப்புகள் குவிந்தன. அந்நேரத்தில் வந்து சேரும் குறிப்பு 24 நிமிடம் காத்திருந்த பிறகே கணக்கிடப்படும். "பேருந்து வந்துகொண்டிருக்கிறது" என்று பலகை சொல்லும். பேருந்தோ எப்போதோ போயிருக்கும். வெயிலில் குழந்தையோடு நிற்கும் ஒரு தாய்க்கு அத்தகைய பலகை இருப்பதைவிட இல்லாதிருப்பதே நலம்.

கணிப்பொறிகளின் சராசரி உழைப்பு 43 விழுக்காடு என்று அளவைக் கருவி காட்டியது. பாதிக்கு மேல் ஓய்வு. ஆயினும் வேலை முடியவில்லை. கிடங்கில் எட்டுப் பிரிவுகளும் ஒரே அளவில் பின்தங்கியிருந்தன. ஆகவே முறை முழுவதுமே மெதுவானது, இன்னும் எட்டுக் கணிப்பொறிகள் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஆண்டு முழுவதற்கும் ஒதுக்கப்பட்ட கருவித் தொகையில் பெரும்பகுதி அதற்கே போயிருக்கும். விண்ணப்பம் எழுதுமுன் ஒரு வாரம் ஆராய்ந்து பார்க்க இசைவு கிடைத்தது. அந்த ஆராய்ச்சியை நான்கு படிகளாகச் சொல்லலாம்.

முதற்படி: சராசரியைக் களைதல். எட்டையும் தனித்தனியே பார்த்தோம். ஐந்தாவது பணிக்கூறு நொடியில் 1,000 மில்லிநொடியும் உழைத்தது. மற்ற ஏழும் ஏறத்தாழ 350 மில்லிநொடியே உழைத்தன. 43 விழுக்காடு உழைத்த கணிப்பொறி எட்டில் ஒன்றுகூட இல்லை. சராசரி என்பது யாருடைய நிலையுமன்று.

இரண்டாம் படி: நோயின் இடத்தைக் குறித்தல். 2021இல் வெளிவந்த ஃபிளிங்க் 1.13ஆம் பதிப்பு முதல் இதற்கு நல்ல வசதி உண்டு. ஓய்ந்திருக்கும் பணி நீலமாகவும், முழு உழைப்பில் இருக்கும் பணி சிவப்பாகவும், பின்னழுத்தத்தால் நிறுத்தப்பட்ட பணி கறுப்பாகவும் திரையில் தெரியும். ஓடையின் தலையிலிருந்து கீழ்நோக்கி நடந்து வாருங்கள். கறுப்பாக இருப்பவை தடுக்கப்பட்டவை. அவற்றின்மேல் பழி இல்லை. கறுப்பு முடிந்து சிவப்புத் தொடங்கும் முதல் இடமே நோயின் இடம். எங்களுக்குக் கிடங்கிலிருந்து படிக்கும் பணி கறுப்பாக இருந்தது. வரைபடத்தோடு பொருத்தும் பணி சிவப்பாக இருந்தது. படிக்கும் பணியை விரைவுபடுத்த எத்தனை நாள் உழைத்திருந்தாலும் ஒரு குறிப்புகூடக் கூடியிராது.

மூன்றாம் படி: பழுது பொறியிலா, தரவிலா என்று அறிதல். பணிக்கூறுகள் வேறு வேறு கணிப்பொறிகளில் அமையுமாறு மாற்றி, அதே பதிவை மறுபடியும் ஓட்டினோம். திணறல் பழைய பொறியிலேயே தங்கினால் பழுது அப்பொறியில் உள்ளது. வட்டு பழையதாக இருக்கலாம், வேறு யாரேனும் அதில் வேலை செய்துகொண்டிருக்கலாம். திணறல் பணிக்கூறோடு கூடவே சென்றால் பழுது தரவில் உள்ளது. எங்களுக்கு அது ஐந்தாம் பணிக்கூறோடு சென்றது. ஒரு மணி நேரத்தில் முடிந்த இச்சோதனை எட்டுப் பொறிகளின்மேல் இருந்த ஐயத்தை நீக்கிவிட்டது.

நான்காம் படி: பகுப்புக்குறிகளை எடையிடுதல். கிடங்கில் குறிப்புகள் வண்டி எண்ணால் பகுக்கப்பட்டிருந்தன. ஆகவே அங்கே எல்லாம் சமம். கணக்கிடும் இடத்திலோ பகுப்புக்குறி தட எண். ஒரு நிமிடத்துப் பதிவை எடுத்துத் தடவாரியாக எண்ணினோம். ஐந்தாம் பணிக்கூறுக்கு நொடிக்கு 700 குறிப்புகள் வந்தன. அவற்றுள் 600 குறிப்புகளின் தட எண் 0.

தடம் 0 என்று அம்மாநகரத்தில் பேருந்து ஓடுவதில்லை. பணிமனையில் நிற்கும் வண்டிகளும், அன்றைக்குத் தடம் குறிக்கப்படாத வண்டிகளும் அவ்வெண்ணை அனுப்பிக்கொண்டிருந்தன. நிற்கும் 600 வண்டிகளுக்குச் சாலை தேடுவதிலேயே ஒரு கணிப்பொறி மாண்டுகொண்டிருந்தது. அதற்காக ஓடும் 1,800 வண்டிகள் காத்திருந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

இப்போது 1,714 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். 2,400இல் 700 ஐந்தாம் பணிக்கூறுக்கு உரியவை. அதாவது 24 குறிப்புகளில் 7. அதனால் நொடிக்கு 500க்கு மேல் முடியாது. ஓடை முழுவதும் அதன் நடைக்கே கட்டுப்பட்டது. 500ஐ 24ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் 1,714. அளந்த எண்ணும் கணக்கிட்ட எண்ணும் ஒத்துப்போனால், காரணம் அகப்பட்டுவிட்டது என்று துணிந்து சொல்லலாம். ஒத்துப்போகாவிட்டால் வேறொரு காரணமும் ஒளிந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

எட்டுக் கணிப்பொறிகளை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பகுப்புக்குறி 0 ஒன்றே, அது பிரியாது. அதன் 600 குறிப்புகள் ஒரே பணிக்கூறிடம்தான் போகும். அது 500தான் முடிக்கும். 2,400இல் 600 என்பது கால் பங்கு. ஆகவே மொத்தச் செய்வீதம் 2,000ஐத் தாண்டாது. பதினாறு பொறிகளாயினும் சரி, நூறாயினும் சரி, 2,400ஐ எட்டவே முடியாது. பிரிக்க முடியாத பகுதியே கூட்டுவேலையின் வேகத்துக்கு எல்லை கட்டுகிறது என்பதை 1967இல் ஆம்டால் என்பார் எடுத்துக்காட்டினார். அவ்வுண்மையே இங்கு வேறொரு வடிவில் நிற்கிறது.

நாங்கள் செய்த மாற்றம் மிகச் சிறியது. தட எண் 0 உடைய குறிப்புகளைப் பங்கிடுவதற்கு முன்பே தனி ஓடைக்குத் திருப்பிவிட்டோம். பணிமனையில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று எண்ண அவை உதவும். அதற்கு வரைபடம் வேண்டுவதில்லை. மீதி 1,800 குறிப்புகளைப் பொருத்துகையில் எந்தப் பணிக்கூறும் பாதிக்கு மேல் உழைக்கவில்லை. இருந்த எட்டே போதும் என்றாயிற்று. விண்ணப்பம் எழுதப்படவில்லை.

பொருத்தமான மருந்து

எங்கள் கனமான பகுப்புக்குறி வெறும் குப்பையாக அமைந்தது நற்பேறு. உண்மையிலேயே கனமான குறி இருந்தால் என்ன செய்வது? இரண்டு வழிகளைச் சொல்வேன்.

கூட்டல், எண்ணிக்கை, பெருமதிப்பு போன்ற கணக்காயின், கனமான குறியின் பின்னே 0 முதல் 7 வரை ஓர் எண்ணை மாற்றி மாற்றி ஒட்டலாம். ஒரு குறி எட்டாகிவிடும். எட்டு இடங்களிலும் பகுதிக் கூட்டல் செய்து, அச்சிறு தொகைகளை இறுதியில் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தேர்தலில் மேசைதோறும் வாக்குகளை எண்ணிப் பின் ஒன்றாகக் கூட்டுவது போல. ஆனால் குறிப்புகளின் முன்பின் வரிசையை நம்பி நிற்கும் கணக்குக்கு இம்முறை ஆகாது; வரிசை குலைந்துவிடும். அங்கே பகுப்புக்குறியையே மாற்றி அமைக்க வேண்டும். தட எண்ணுக்குப் பதில் வண்டி எண்ணால் பகுத்தால், ஒரு வண்டியின் வரிசையும் கெடாது. சுமையும் ஒரே இடத்தில் சேராது.

பகுப்புக்குறிகள் யாவும் சம எடையாயினும் செய்வீதம் சீராக இராமல் போகலாம். அதற்கு மூன்று காரணங்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று, வகுபடாமை. ஃபிளிங்க் பகுப்புக்குறிகளை முதலில் சிறு குழுக்களாக்கிப் பின் குழுக்களைப் பங்கிடுகிறது. நாம் வேறு எண் குறிப்பிடாவிட்டால், 80 பணிக்கூறுகள் உள்ள வேலைக்கு 128 குழுக்கள் அமையும். 48 பணிக்கூறுகளுக்கு இரண்டிரண்டு குழுக்கள், 32க்கு ஒவ்வொன்று. சிலருக்கு மற்றவரைப்போல் இருமடங்கு வேலை! 64 பணிக்கூறுகளாகக் குறைத்தால் எல்லோருக்கும் இரண்டு. காஃப்காவிலும் இதைக் காணலாம். ஒரே குழுவைச் சேர்ந்த படிப்பாளர்களுள் ஒரு பிரிவை ஒருவரே படிக்க இயலும். 8 பிரிவுகளுக்கு 12 படிப்பாளர்களை அமர்த்தினால் நால்வர் வெறுமனே இருப்பார்கள்.

இரண்டு, மௌனம். நிகழ்ச்சி நேரத்தைக் கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கை முடிக்கும் முறைகள் உண்டு. எல்லாப் பிரிவுகளிலிருந்தும் அந்நேரம் கடந்துவிட்டது என்று தெரிந்த பின்னரே கணக்கு முடியும். இக்கால அடையாளத்தை வாட்டர்மார்க் என்பார்கள். ஒரு பிரிவில் செய்தியே வரவில்லையென்றால் கணக்கு முடியாமல் நிற்கும். செய்தி வந்ததும் அடைத்து வைத்ததெல்லாம் ஒருசேரப் பாயும். பந்தியில் ஒருவர் கை கழுவாமல் அமர்ந்திருக்க, மற்றவர் எல்லோரும் எழாமல் காத்திருக்கும் நிலை இது. மௌனமாக உள்ள பிரிவைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் கணக்கில் கொள்ளாதிருக்குமாறு ஃபிளிங்க்கில் அமைக்கலாம்.

மூன்று, தாளம். எல்லாப் பணிக்கூறுகளும் சேர்ந்து குறித்த இடைவெளியில் மந்தமாகி மீண்டால், பங்கீட்டைக் குறை சொல்ல வேண்டா. நினைவகத்தைத் துப்புரவு செய்யும் நேரமா, அதுவரை நடந்த கணக்கைப் படி எடுத்து வைக்கும் நேரமா, முடிவுகளை வாங்கும் தரவுத்தளம் திணறும் நேரமா என்று கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆக, நண்பர்களே, ஓடை தடைப்படும்போது நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். திணறுவது எல்லோருமா, ஒருவரா? தடுக்கப்பட்டவர் யார், தடுப்பவர் யார்? பழுது பொறியோடு தங்குகிறதா, தரவோடு செல்கிறதா? நான் சொல்லும் காரணம் அளந்த எண்ணைத் தருகிறதா? ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றி, அதே பதிவை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். நாளை நீங்கள் வேலை செய்யும் இடத்தில், இன்னும் பத்துக் கணிப்பொறிகள் வாங்கலாம் என்று யாரேனும் சொன்னால் மறுத்து வாதிட வேண்டா. ஒரு நிமிடத்துப் பதிவைக் கேட்டு வாங்கி, பகுப்புக்குறிவாரியாக எண்ணி, அத்தாளை அவர் முன் வையுங்கள். வாங்குவதா வேண்டாவா என்பதை அத்தாளே சொல்லிவிடும்.